டெக்சஸ் பலக்ஸி ஆற்றில் டைனோசர் தடத்துக்குப் பக்கத்தில் மனிதக் கால்தடம் இருப்பது உண்மையா?

நீரோடை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். வாலிபர் கூட்டத்துக்கு வந்த பேச்சாளர் ஒருவர் ஒரு வீடியோ போட்டுக் காட்டினார். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் கிளென் ரோஸ் என்று ஓர் ஊர், அங்கே பலக்ஸி என்று ஓர் ஆறு, அதன் படுகைப் பாறையில் டைனோசர் கால்தடமும் அதை ஒட்டியே மனிதக் கால்தடமும் பதிந்திருக்கிறது, மனிதத் தடம் ஒவ்வொன்றும் ஒரு அடிக்கு மேல் நீளம், ஆதியாகமம் ஆறாம் அதிகாரத்தில் வரும் இராட்சதர்கள் இவர்கள்தான், இது வெளியே தெரிந்தால் பரிணாமக் கொள்கை அன்றைக்கே விழுந்துவிடும் என்பதால் விஞ்ஞானிகள் மறைத்துவிட்டார்கள் என்று பேச்சு போனது. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் என் வகுப்புப் பையன் ஒருவன் வந்து, "டீச்சர், இது நிஜம்னா எங்க பயாலஜி புக்ல ஏன் இல்ல? நிஜம் இல்லன்னா சர்ச்ல ஏன் காட்டுறாங்க?" என்று கேட்டான். நன்றாகப் படிக்கிற பிள்ளை, குதர்க்கமாகக் கேட்கிறவன் கிடையாது. விசாரித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் முழுக்கக் கிண்டல், இன்னொரு பக்கம் முழுக்க அல்லேலூயா. இரண்டுமே எனக்கு உதவவில்லை. தேவன் படைத்தார் என்று நம்புகிறவள் நான், அதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. அதனால் தயவுசெய்து இதைக் கடவுள் உண்டா இல்லையா என்ற சண்டையாக்க வேண்டாம். அந்தக் கல்லில் உண்மையில் என்ன இருக்கிறது, யார் பார்த்தார்கள், என்ன சொன்னார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாறைமொழி

டீச்சர், கல்லை மட்டுமே பேசுவோம். நான் நிலவியல் படித்தவன், இந்த விவகாரத்தைக் கொஞ்சம் ஆழமாகவே படித்திருக்கிறேன்.

முதலில் ஒன்று: அங்கிருக்கும் டைனோசர் தடங்கள் அசல், அருமையானவை, அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பாறை கிரெட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்த சுண்ணாம்புக்கல், வயது ஏறத்தாழ 11.3 கோடி வருடம். அன்றைக்கு அந்த இடம் ஆழமில்லாத கடலின் ஓரச் சேற்றுவெளி. மிருகங்கள் அந்தச் சுண்ணாம்புச் சேற்றில் நடந்துபோக, தடம் இறுகி, மேலே வேறு வண்டல் படிந்து மூடிக்கொண்டது. 1908இல் பலக்ஸியில் பெரிய வெள்ளம் வந்து படுகையை வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் ஊர்க்காரர்கள் கண்ணில் இவை பட ஆரம்பித்தன. மூன்று விரல் தடங்கள் ஒரு பக்கம். நீளமாக, விரல் தெளிவில்லாமல் கிடந்த வேறு சில தடங்கள் இன்னொரு பக்கம். பின்னதைத்தான் அங்கிருந்தவர்கள் மனிதத் தடம் என்று சொல்லிக்கொண்டார்கள். ஏமாற்ற நினைத்து இல்லை, பார்த்தால் அப்படித் தெரிந்தது, சொன்னார்கள்.

அப்புறம் 1930களின் பொருளாதார மந்தம் வந்தது. கையில் காசில்லாத காலம். ஆற்றில் இருந்த டைனோசர் தடங்களைப் பெயர்த்தெடுத்து விற்றார்கள். அசலைப் பெயர்ப்பது பெரும்பாடு, அதனால் சிலர் தனிக் கல்லில் உளியால் செதுக்கியே விற்க ஆரம்பித்தார்கள். மூன்று விரல் தடத்தோடு இராட்சத மனிதப் பாதமும் செதுக்கினார்கள், வாங்க ஆள் இருந்தது. செதுக்கிய பின் அமிலம் தடவிப் பழைய கல் போலக் காட்டினார்கள். எப்படிச் செய்தோம் என்பதை அப்படிச் செதுக்கிய குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே பிற்காலத்தில் விவரித்திருக்கிறார், அதுவும் தடங்களைத் தேடி வந்த படைப்புவாதிகளிடமே.

1938இல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காகப் புதைபடிவம் தேடிக்கொண்டிருந்த ரோலண்ட் பேர்ட் என்பவர் நியூ மெக்சிகோவில் கேலப் என்ற ஊர்க் கடையில் இந்த மாதிரி ஒரு ஜோடி இராட்சதப் பாதங்களைப் பார்த்தார். செதுக்கியது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் எங்கிருந்து வந்தது என்று விசாரித்துக் கிளென் ரோஸுக்கே போனார். போன இடத்தில் நீள்கழுத்து டைனோசர்களின் தடங்கள் கிடைத்தன, அந்த வகைக்கு அவ்வளவு தெளிவான தடம் அதுவரை தெரிந்திருக்கவில்லை. அவர் வெட்டி எடுத்துக் கொண்டுபோன தடவரிசை இன்றைக்கும் அந்த நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு பொய்க்கல் இழுத்துக்கொண்டு போய் உண்மையான தடத்தில் விட்ட கதை இது, இதை உங்கள் பையனுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். "எல்லாம் செதுக்கியது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்களும் தப்பாகத்தான் சொல்கிறார்கள். செதுக்கியவை தனிக் கற்கள். ஆற்றுப் பாறையிலேயே, இருந்த இடத்திலேயே, நீளமான தடங்கள் வரிசையாக இருக்கின்றன. வீடியோக்களில் பெரும்பாலும் காட்டுவது அவற்றைத்தான். அவற்றை யாரும் செதுக்கவில்லை. பேர்டுக்கே அப்படி ஒன்றைக் காட்டினார்கள். பதினைந்து அங்குல நீளம், குதிகால் வினோதமாக நீண்டிருக்கிறது, இதுவரை தெரியாத ஏதோ டைனோசராக இருக்கலாம் என்று 1939இல் எழுதிவைத்தார்.

அந்தப் புதிரை அவிழ்த்தவர் கிளென் கியூபன். ஒஹாயோக்காரர், பேராசிரியர் எல்லாம் இல்லை, சொந்த ஆர்வத்தில் 1980இல் இருந்து வருடா வருடம் ஆற்றுக்குப் போய் அளந்து வரைந்து படமெடுத்தவர். அவர் கண்டுபிடித்தது என்னவென்றால்: ஒரு கோழியின் காலைப் பாருங்கள். தரையில் படுவது விரல்கள் மட்டும். பின்னோக்கி மடிந்த முட்டி என்று நாம் நினைக்கும் இடம்தான் உண்மையில் அதன் குதிகால். இரண்டு காலில் நடந்த, இறைச்சி தின்னும் டைனோசர்களுக்கும் இதே அமைப்புத்தான், சாதாரணமாக விரலில்தான் நடக்கும். ஆனால் பலக்ஸியில் சில மிருகங்கள் பின்பாதம் முழுவதும், அதாவது அந்தக் குதிகால் வரைக்கும், சேற்றில் அழுந்தும்படி நடந்திருக்கின்றன. தடம் நீளமாகிவிடும். விரல் விட்ட பள்ளங்களில் சேறு சரிந்தோ வேறு வண்டல் வந்தோ நிரம்பிவிட்டால் மிச்சம் தெரிவது ஒரு நீளமான, பின்னால் உருண்ட, முன்னால் கொஞ்சம் அகன்ற குழி. மேலே இருந்து பார்த்தால் மனிதப் பாதம் மாதிரியேதான் இருக்கும்.

இது ஊகமாகவே நின்றிருந்தால் நானும் இவ்வளவு உறுதியாக எழுத மாட்டேன். 1984, 85இல் தண்ணீர் வற்றிய சமயத்தில் பாறையை நன்றாகக் கழுவிச் சுத்தம் செய்தபோது, டெய்லர் தடவரிசை என்று சொல்லப்படும் பிரபலமான 'மனிதத்' தடங்களின் முன்பக்கத்தில் மூன்று விரல்களின் வடிவம் நிற வித்தியாசமாகத் தெரிந்தது. சுற்றியுள்ள பாறை வெளிர் நிறம், விரல் இருந்த இடம் நீலச்சாம்பலும் துருநிறமும். ஒரு தடத்தில் இல்லை, வரிசையில் அடுத்தடுத்த தடங்களில். பிறகு துளையிட்டு எடுத்த மாதிரிகளைப் பார்த்தபோது அது மேலாகப் படிந்த கறை இல்லை, பள்ளத்தை நிரப்பிய வேறு வண்டல் என்பதும் தெரிந்தது.

ஜெயசீலன்

சகோதரி, மேலே எழுதிய சகோதரர் விவரமாக எழுதியிருக்கிறார், மறுக்கவில்லை. ஆனாலும் அவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிட வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. கிளென் ரோஸில் கார்ல் பா என்பவர் 1984இல் தொடங்கிய படைப்புச் சான்று அருங்காட்சியகம் இன்றைக்கும் நடக்கிறது. அங்கே டெல்க் கல் என்று ஒரு கல் இருக்கிறது, மனிதப் பாதத்தின் மேல் டைனோசர் பாதம் மிதித்த மாதிரி இரண்டும் ஒரே கல்லில். அதை மருத்துவமனையில் சிடி ஸ்கேன் எடுத்து, உள்ளே அழுத்தம் பதிந்திருக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். செதுக்கினால் அழுத்தம் எப்படி வரும்?

இன்னொன்று. பாறைக்கு 11 கோடி வயது என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டு அதில் மனிதத் தடம் இருக்க முடியாது என்றால், எதைக் காட்டினாலும் "டைனோசர் குதிகால்" என்றுதானே சொல்வார்கள்? விஞ்ஞானிகளும் மனிதர்கள்தான், அவர்களுக்கும் முன்முடிவு உண்டு, வேலை போய்விடும் என்ற பயமும் உண்டு. யோபு புத்தகத்தில் பிகெமோத் என்று ஒரு மிருகம் வருகிறது, அதன் வால் கேதுரு மரம் மாதிரி என்று எழுதியிருக்கிறது. மனிதன் பார்க்காத ஒன்றை யோபுவிடம் தேவன் எதற்குக் காட்ட வேண்டும்? நான் கேட்பதெல்லாம் கதவை அடைத்துவிடாதீர்கள் என்றுதான்.

தாமஸ் ஐயாவின் பேரன்

ஜெயசீலன் அண்ணன் சொல்லும் வேதவசனத்தை நானும் நம்புகிறேன், ஊழியக் குடும்பத்தில் வளர்ந்தவன். ஆனால் இந்தத் தடத்தைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு, அதைத் திறந்தே சொல்கிறேன்.

இதை விஞ்ஞானிகள் மறைத்தார்கள் என்று சொல்வதே தவறு. இதைக் கைவிட்டவர்கள் முதலில் நம் ஆட்களே. வரலாற்றைப் பாருங்கள். 1950இல் கிளிஃபோர்ட் பர்டிக் என்பவர் செவன்த் டே அட்வென்டிஸ்ட் பத்திரிகை ஒன்றில் இந்த இராட்சதப் பாதங்களைப் பற்றி எழுதினார். 1961இல் விட்கோம்பும் ஹென்றி மோரிஸும் ஜலப்பிரளயத்தைப் பற்றி எழுதிய பிரபலமான புத்தகத்தில் அவற்றின் படங்கள் வந்தன. 1972இல் ஸ்டான் டெய்லரின் குழு இதை வைத்து 'ஃபுட்பிரின்ட்ஸ் இன் ஸ்டோன்' என்று ஒரு படமே எடுத்தது, அமெரிக்காவில் சபை சபையாகக் காட்டினார்கள். உங்கள் கூட்டத்தில் போட்ட வீடியோவின் வேர் அநேகமாக அங்கேதான் இருக்கும்.

இப்போது மறுபக்கம். 1975இல் பெர்னி நியூஃபெல்ட் என்பவர் பலக்ஸி கற்களை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். அவர் நாத்திகர் இல்லை. லோமா லிண்டா பல்கலைக்கழகத்துக்காரர், அது அட்வென்டிஸ்ட் பல்கலைக்கழகம், பர்டிக் கட்டுரையை வெளியிட்ட அதே சபையுடையது. மிதித்து உண்டான தடம் என்றால் பாதத்துக்குக் கீழே கல்லின் அடுக்குகள் வளைந்து தாழ்ந்திருக்க வேண்டும். அந்தத் தனிக் கற்களை அறுத்துப் பார்த்தால் அடுக்குகள் வளையவில்லை, நேராக வந்து பள்ளத்தின் ஓரத்தில் அறுபட்டு நிற்கின்றன. அதாவது உளி. ஆற்றில் இருந்தவை மனிதத் தடம் என்பதற்கும் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்.

பிறகு 1985 கடைசியில் கியூபன் தன் கண்டுபிடிப்பைத் தனியாக வைத்துக்கொண்டு வெற்றி முழக்கம் போடவில்லை. ஜான் மோரிஸையும் (ஹென்றி மோரிஸின் மகன், 1980இல் இந்தத் தடங்களை ஆதரித்துப் புத்தகம் எழுதியவர்) அந்தப் படம் எடுத்தவர்களையும் அழைத்து, வாருங்கள், சேர்ந்து பார்ப்போம் என்றார். வந்தார்கள். விரல்களின் நிறத்தை நேரில் பார்த்தார்கள். 1986 ஜனவரியில் ஜான் மோரிஸ் தன் சொந்த நிறுவனமான படைப்பு ஆய்வு நிறுவனத்தின் வெளியீட்டிலேயே, இனிமேல் பலக்ஸியைப் பரிணாமத்துக்கு எதிரான ஆதாரமாகப் படைப்புவாதிகள் பயன்படுத்துவது முறையல்ல என்று எழுதினார். முழு மனதோடு எழுதினார் என்று சொல்ல மாட்டேன், தலைப்பிலேயே மர்மம் என்று போட்டுக்கொண்டார். ஆனாலும் எழுதினார். படத்தையும் விநியோகத்தில் இருந்து திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு முன்னணிப் படைப்புவாத அமைப்புகள், நம்மவர்கள் சொல்லக்கூடாத வாதங்கள் என்று ஒரு பட்டியலே போட்டிருக்கின்றன. பலக்ஸி தடங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

அப்படி இருக்க, அவர்களே 1986இல் இறக்கி வைத்த சுமையை நம் ஊர்ப் பிள்ளைகள் தலையில் ஏற்றுவது எனக்குப் பொறுக்கவில்லை. யோபுவின் பெயரை அண்ணன் எடுத்தார். அதே யோபு தன் நண்பர்களைப் பார்த்து, தேவனுக்காக வஞ்சகமாய்ப் பேசுவீர்களா என்று கேட்கிறார் அல்லவா? பதினைந்து வயதுப் பிள்ளை இதை நம்பி, கல்லூரிக்குப் போன முதல் வருடமே யாரோ உண்மையைக் காட்டினால், தடத்தை மட்டுமா விடுவான்? கூடவே சொன்ன எல்லாவற்றையும் விடுவான். நான் அப்படி விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் யோசியுங்கள் அண்ணா. உலகத்தின் அடுக்குப் பாறைகள் எல்லாம் ஒரே வருட ஜலப்பிரளயத்தில் படிந்தவை என்றுதான் விட்கோம்பும் மோரிஸும் எழுதிய அந்தப் புத்தகம் சொல்கிறது. கிளென் ரோஸ் பாறைக்குக் கீழேயும் ஏராளமான அடுக்குகள், மேலேயும் அடுக்குகள், தடங்களே ஒரு மட்டத்தில் இல்லை, ஒன்றன் மேல் ஒன்றாகப் பல மட்டங்களில் இருக்கின்றன. அப்படியானால் பிரளயத் தண்ணீர் உலகத்தையே மூடிக்கொண்டிருக்கிற நடுவில் இந்த மிருகங்களும் மனிதர்களும் அமைதியாகச் சேற்றில் உலாவியிருக்க வேண்டும். இந்தத் தடம் மனிதத் தடமாகவே இருந்தாலும் அந்த விளக்கத்துக்கு உதவி இல்லை, இடைஞ்சல்தான்.

டல்லாஸ் செல்வி

நான் டல்லாஸ் பக்கம் இருக்கிறேன், அங்கே நேரில் போயிருக்கிறேன், அதனால் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆற்றை ஒட்டி டைனோசர் வேலி என்று மாநிலப் பூங்கா இருக்கிறது. செருப்போடு தண்ணீரில் இறங்கி நடந்தே தடங்களைப் பார்க்கலாம், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பாறை வெள்ளையும் சாம்பலும் கலந்த நிறம், பாசி பிடித்த இடங்களில் வழுக்கும். மூன்று விரல் தடத்தில் என் பாதத்தை வைத்தேன், நடு விரலுக்கே போதவில்லை. சில தடங்களின் விளிம்பில் சேறு பிதுங்கி எழுந்து அப்படியே கல்லாகி நிற்கிறது, அதைத் தொட்டுப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. நீள்கழுத்து டைனோசரின் பின்கால் தடம் பெரிய குழி, தண்ணீர் தேங்கிக் கிடக்கும். சொல்லாவிட்டால் அது தடம் என்றே தெரியாது.

பூங்காவில் நான் நடந்த பக்கத்திலேயே நீளமான தடங்களும் கண்ணில் பட்டன. ஒன்றை மட்டும் தனியாகப் பார்த்தபோது எனக்கும் பாதம் என்றுதான் தோன்றியது, அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே வரிசையில் முன்னும் பின்னும் நடந்து பார்த்தால் அடுத்த தடத்தில் விரல் மூன்றாகப் பிரிவது லேசாகத் தெரிகிறது, அதற்கு அடுத்ததில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஒரே மிருகம், அடுத்தடுத்த அடிகள். வீடியோக்களில் எப்போதும் ஒரு தடத்தை மட்டும், அதுவும் தண்ணீரோ எண்ணெயோ தடவி ஓரத்தை இருட்டாக்கிக் காட்டுவார்கள். வரிசையை முழுதாகக் காட்டச் சொல்லுங்கள், பாதி கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும். டெய்லர் வரிசை பூங்காவுக்குள் இல்லை, அது பெரும்பாலும் தண்ணீருக்கும் வண்டலுக்கும் அடியில் கிடக்கும்.

ஜெயசீலன் அண்ணன் சொன்ன அருங்காட்சியகத்துக்கும் போனேன், பூங்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பர்டிக் கல் (பர்டிக் பெயரால் சொல்லப்படும், மனிதப் பாதம் உள்ள தனிக் கல்), டெல்க் கல் இரண்டும் அங்கே இருக்கின்றன. பர்டிக் கல்லில் விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, அழகாக, ஒரே மாதிரி ஆழத்தில் இருக்கின்றன. சேற்றில் நடந்தவர்களுக்குத் தெரியும், அப்படிப் பதியவே பதியாது. குதிகாலும் கட்டைவிரலும் ஆழமாக இறங்கும், நடுவளைவு மேலே நிற்கும், சின்ன விரல் பல நேரம் தெரியவே தெரியாது.

2022 ஆகஸ்டில் கடும் வறட்சி வந்து ஆறு பெரும்பாலும் காய்ந்தபோது, வழக்கமாகத் தண்ணீருக்கும் வண்டலுக்கும் அடியில் கிடக்கும் நீண்ட தடவரிசைகள் வெளிவந்தன. அக்ரோகாந்தோசாரஸ் என்ற, ஏறத்தாழ ஏழு டன் எடையுள்ள மிருகத்தின் தடங்கள் என்று பூங்காவினர் சொன்னார்கள். செய்தி உலகம் முழுக்கப் போனது. அத்தனை கேமராக்கள், அத்தனை ஆட்கள் கழுவிச் சுத்தம் செய்த அந்தத் தடங்களில் மனிதப் பாதம் ஒன்றும் இல்லை.

பாறைமொழி

டெல்க் கல் பற்றி ஜெயசீலன் சார் கேட்டதற்குப் பதில். அந்தக் கல் பாறையில் பதிந்திருந்தபோது எந்த ஆய்வாளரும் பார்க்கவில்லை. 2000இல் தனிக் கல்லாகக் கிடைத்ததாகச் சொல்லி 2008இல்தான் வெளியே காட்டினார்கள். எங்கிருந்து பெயர்ந்தது, அடுத்த அடி எங்கே, முந்தைய அடி எங்கே என்பதற்கு வழியே இல்லை. நடந்தவர் ஒற்றை அடியோடு நின்றிருக்க மாட்டார். ஸ்கேனைப் பொறுத்தவரை, உடம்பைப் படமெடுக்கச் செய்த கருவியில் அடர்த்தியான கல்லை வைத்தால் விளிம்புகளிலும் பள்ளங்களிலும் தானாகவே அடர்த்தி வித்தியாசம் மாதிரி நிழல் விழும். அதை அழுத்தம் என்று படிக்கக் கூடாது. கல்லை அறுத்துப் பார்ப்பதுதான் நேரான சோதனை, பர்டிக் வகைக் கற்கள் அந்தச் சோதனையில்தான் விழுந்தன.

முன்முடிவு என்ற குற்றச்சாட்டை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. விஞ்ஞானிகளுக்கு முன்முடிவு உண்டுதான். ஆனால் அது காலடித் தடங்களில் எப்படி உடைகிறது என்பதற்கு லேட்டோலியைப் பாருங்கள். தான்சானியாவில் 1978இல் மேரி லீக்கியின் குழு எரிமலைச் சாம்பலில் பதிந்த நடைத்தடங்களைத் தோண்டியெடுத்தது, 27 மீட்டர் நீளம், வயது ஏறத்தாழ 36 லட்சம் வருடம். அப்போது கையில் இருந்த கருத்துகளுக்கு அது சங்கடம். மூளை சின்னதாக இருந்த காலத்திலேயே இவ்வளவு நேர்த்தியாக நிமிர்ந்து நடந்தார்களா என்று பலர் மலைத்தார்கள். ஆனாலும் தடம் தடம்தான் என்று ஏற்றுக்கொண்டார்கள், ஏனென்றால் குதிகால், வளைவு, கட்டைவிரல் எல்லாம் அடி அடியாக இருந்தன.

அதே லேட்டோலியில் 1976இலேயே இன்னொரு இடத்தில் ஐந்து தடங்கள் தொடர்ச்சியாகக் கிடைத்திருந்தன, வினோதமான வடிவம். நிமிர்ந்து நடந்த கரடியாக இருக்கலாம் என்று சொல்லிக் கிட்டத்தட்ட மறந்தேவிட்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்து எல்லிசன் மெக்நட் என்ற ஆய்வாளரும் சகாக்களும் திரும்பப் போய் மறுபடி தோண்டி, அளந்து, கரடிகளை நடக்கவைத்து ஒப்பிட்டு, இது கரடி இல்லை, மனித இனத்துக்கு உறவான ஒன்றின் தடம் என்று 2021இல் வெளியிட்டார்கள். மூத்தவர்கள் கருத்துக்கு நேர் எதிர். யாருக்கும் வேலை போகவில்லை, நேச்சர் இதழிலேயே வந்தது. கிரீட் தீவில் டிராக்கிலோஸ் என்ற இடத்தில் 57 லட்சம் வருடப் பழைய தடங்கள் மனித உறவுடையவை என்று 2017இல் ஒரு குழு எழுதியது. இன்றுவரை பலர் ஒப்பவில்லை, சண்டை நடக்கிறது, ஆனால் யாரும் ஒளிக்கவில்லை. மறைப்பதாக இருந்தால் இதையும் அல்லவா மறைத்திருக்க வேண்டும்?

ஜெயசீலன்

கரடி விஷயம் எனக்குப் புதிது, நன்றி. ஜான் மோரிஸ் எழுதியதையும் தேடிப் படித்துவிட்டேன். என் விசுவாசம் அப்படியே இருக்கிறது. டெல்க் கல்லை அறுத்துப் பார்க்க வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதுவரை யாரிடமும் அதை ஆதாரம் என்று சொல்வதை நிறுத்திவைக்கிறேன்.

நீரோடை

அனைவருக்கும் மிக்க நன்றி. எல்லாவற்றையும் அந்தப் பையனோடு உட்கார்ந்து படித்தேன். நியூஃபெல்ட் கல்லை அறுத்துப் பார்த்த இடம்தான் அவனுக்கு மிகவும் பிடித்தது. அடுத்த ஓய்வுநாள் வகுப்பில் அதைச் சொல்லப்போகிறேன், 1986இல் ஜான் மோரிஸ் எழுதியதையும் சேர்த்தே சொல்வேன். அந்தப் பேச்சாளர் வயதில் மூத்தவர், நல்ல மனிதர், அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் முன்னால் அவரைக் குறை சொல்லும்படி ஆகிவிடக் கூடாது.

பையனுக்கு ஒரு சந்தேகம் மிச்சம். விரல் பள்ளத்தை நிரப்பிய வண்டல் ஏன் துருநிறம்? 1972இல் படமெடுத்தவர்கள் கண்ணில் ஏன் அது படவில்லை?

பாறைமொழி

நல்ல கேள்வி. நிரப்பிய வண்டலில் இரும்பு இருக்கிறது. பாறைக்குள் மூடிக் கிடக்கும்வரை அது நீலச்சாம்பலாக இருக்கும், வெளிக்காற்றும் தண்ணீரும் படப்பட மேற்பரப்பில் துருப்பிடித்துச் சிவக்கும். டெய்லர் குழு மண்ணை விலக்கித் தோண்டியபோது பாறை அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. பிறகு வருடக்கணக்கில் ஆறு அதன்மேல் ஓடியதில் வித்தியாசம் இன்னும் எடுப்பாகியிருக்கும். ஆனால் அதுவே முழுக் காரணம் இல்லை. பழைய படங்களிலேயே சில இடங்களில் அந்த நிறத்தின் சாயல் தெரிகிறது, என்ன தேடுகிறோம் என்று தெரிந்த பிறகு பார்த்தால் தெரியும். அவர்கள் நீளமான குழியை அளந்தார்கள், அதற்கு முன்னால் இருந்த தட்டையான இடத்தை யாரும் கழுவிப் பார்க்கவில்லை.

டல்லாஸ் செல்வி

டீச்சர், கோடைக் கடைசியில் தண்ணீர் குறையும்போது மறுபடி போகிறேன். பூங்காவில் இருக்கும் நீளத் தடம் ஒன்றையும் அதன் முன்பின் தடங்களையும், பக்கத்தில் அளவுகோல் வைத்து வரிசையாகப் படமெடுத்து இங்கேயே போடுகிறேன். எந்தக் கோணத்தில் வேண்டும் என்று பையனிடம் கேட்டுச் சொல்லுங்கள்.